மானிட்டரின் மேல் ஒரு துண்டு

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தேன். மைசூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் அடிக்கிற வேலை எனக்கு. பகல் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு வரை ஹீமோகுளோபினும் சர்க்கரையும் அடித்து அடித்து விரல் தேய்ந்தவளுக்கு அந்த அளவு கர்வம்கூட இருக்கக் கூடாதா என்ன? வீட்டில் எது நின்றுபோனாலும் என் கணவர், "அவளைக் கேளுங்க" என்று கையைக் காட்டிவிடுவார். நானும் அலட்டிக்கொள்ளாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய் உட்காருவேன்.

எனக்கு அடுத்தபடியாக அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர் என் மாமனார். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஹனூர் பக்கம் அவருடைய தம்பி மஞ்சள் போடுகிறார். தினமும் காலை ஒன்பதரைக்கு மாமனார் சவரம் செய்து, முகம் கழுவி, தோளில் துண்டோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, ஈரோட்டு மஞ்சள் விலையைக் கண்டுபிடிப்பார். அதைக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்வார். பத்து மணிக்குத் தம்பியிடமிருந்து போன் வரும். இரண்டு பேரிடமும் பட்டன் போன்தான்.

"விரலி என்ன வெலைங்ணா? கிழங்கு?"

மஞ்சளில் அந்த இரண்டு ரகத்துக்கும் விலையை இவர் படித்துச் சொல்வார். கொடுக்கலாமா வைத்திருக்கலாமா என்று தம்பி கேட்பார். கொஞ்சம் யோசித்து, "இன்னும் ஒரு வாரம் பாரு" என்பார் இவர். அந்தப் பத்து மணிப் போனுக்காகத்தான் அவர் தினமும் சவரம் செய்துகொள்கிறார் என்று நானும் என் கணவரும் முதுகுக்குப் பின்னால் கிண்டல் செய்வோம். கிண்டல்தான் என்றாலும் அது உண்மை.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹனூரிலிருந்து சொந்தக்காரத் தம்பதி கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். மண்டபம் ஊருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பேச்சு வந்தது. "இருங்க, மேப்புல பாத்துச் சொல்லீர்றேன்" என்று மாமனார் எழுந்தார். அவர் முகத்தில் இருந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே. மண்டபத்தின் பெயரைத் தேடித் தேடி அடித்து முடித்துத் தட்டினார். திரை முழுக்க ஒரு பெண் வந்து நின்றாள், பாதி உடையில். அவர் மேலே இருந்த பெருக்கல் குறியை அழுத்தினார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

விருந்தாளி அம்மா கையிலிருந்த தட்டைக் குனிந்து பார்த்தார். அவர் கணவர் சுவரைப் பார்த்தார். மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து மானிட்டர் மேல் போட்டு மூடினார். குனிந்து சுவர் ஸ்விட்சை அணைத்தார். "காப்பி ஆறுது, குடிங்க" என்றார்.

அவர்கள் கிளம்பிப் போனதும் அடுப்படியில் என் கணவர் குரலைத் தாழ்த்தி, "என்ன இது, அப்பா போய்..." என்று இழுத்தார். அப்போது நான் ஒன்று சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

"நாம எதைத் தேடறமோ அதுக்குத் தகுந்த விளம்பரந்தானுங்க வரும். கண்டதையும் பாத்தாத்தான் கண்டதும் வரும். எனக்குத் தெரியாதா?"

திரும்பினால் வாசற்படியில் மாமனார், கையில் காலி டம்ளரோடு. தண்ணீருக்கு வந்திருக்கிறார். டம்ளரை அப்படியே மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை துண்டு மானிட்டர் மேலேயே கிடந்தது. பத்து மணிக்குப் போன் வந்தது. "கம்ப்யூட்டர் ரிப்பேர்ப்பா" என்றார். செவ்வாய்க்கிழமையும் அதையே சொல்லிவிட்டு, "எனக்காகப் பாத்துட்டு இருக்காத. வேற ஆரையாச்சும் கேட்டுக்க" என்றார். சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பார்க்காமலே சாப்பிட்டார். குழம்பு வேண்டுமா என்றால், "போதும்" என்பதைத் தட்டைப் பார்த்துச் சொன்னார்.

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. அவர் காய்கறி வாங்கப் போன நேரத்தில் துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நான் சுத்தம் செய்ய உட்காரவில்லை. அவர் எதைப் பார்த்தார் என்று கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். பிரவுசரில் ஹிஸ்டரியைத் திறந்தேன். மஞ்சள் விலை, மஞ்சள் விலை, கபினி அணை நீர்மட்டம், மாதேஸ்வரன் மலைக்குப் பஸ் நேரம், மறுபடியும் மஞ்சள் விலை. ஒரு மாதம் பின்னால் வரை போய்ப் பார்த்தேன். கண்டது எதுவும் இல்லை. ஆனால் வேறு ஒரு வரி இருந்தது, ஆங்கில எழுத்தில் அவர் அடித்த தமிழ்:

அசிங்கமான படம் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்.

கல்யாணப் பத்திரிகை வைக்க அவர்கள் வருவதற்கு மூன்று வாரம் முந்தியது அது. மறுநாளும் கேட்டிருந்தார். அதற்கடுத்த வாரம், "படம் வருது நிறுத்துவது எப்படி." மொத்தம் ஒன்பது தடவை. பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் தெரிந்த மருமகள் ஒருத்தி உட்கார்ந்திருக்க, இதை வாய்விட்டு என்னிடம் கேட்க அவருக்குக் கூச்சம். அவர் கேட்ட இடமும் எங்கள் பழைய சர்ச் இன்ஜின் இல்லை. பூதக்கண்ணாடிப் படம் போட்ட, பெயரே கேள்விப்படாத ஏதோ ஒன்று அந்த இடத்தில் வந்து குந்தியிருந்தது. திருடனிடமே போய்த் திருட்டுப் புகார் கொடுத்திருக்கிறார் மனிதர். ஒவ்வொரு கேள்விக்கும் அது இன்னும் நாலு விளம்பரத்தைத்தான் பதிலாகக் கொடுத்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக வேலையை ஆரம்பித்தேன். செட்டிங்ஸில் போய் பழைய சர்ச் இன்ஜினை வைத்தேன். மூடித் திறந்தால் பூதக்கண்ணாடி மறுபடியும் நின்றது. எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்தேன். நாங்கள் போடாத இரண்டு இருந்தன. நீக்கினேன். தெரியாத ஐந்து தளங்களுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கொடுத்திருந்தது, அத்தனையையும் அடைத்தேன். டெஸ்க்டாப்பில் இருந்த பிரவுசர் ஐகானுக்குள்ளேயே ஒரு முகவரியை ஒட்டி வைத்திருந்தார்கள் படுபாவிகள். அதை அழித்தேன். கடைசியாக கண்ட்ரோல் பேனலில், எந்த புரோகிராம் எந்தத் தேதியில் வந்தது என்று வரிசைப்படுத்தினேன்.

ஒரே நாளில் நான்கு வந்திருந்தன. மூன்றின் பெயர் எனக்குத் தெரியாது. நான்காவது, கன்னடம் அடிக்கிற மென்பொருள்.

அதை இறக்கியவள் நான். மின்சார மீட்டரைக் கணவர் பெயருக்கு மாற்ற கன்னடத்தில் விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. எனக்குக் கன்னடம் தண்ணீராகப் பேச வரும். கையால் எழுதினால் மட்டும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரி இருக்கும். அந்த எழுத்தை மின்சார ஆபீஸில் நீட்ட வெட்கப்பட்டு, தட்டச்சு செய்து கொடுக்கலாம் என்று எங்கோ தேடி, பெரிய பச்சைப் பொத்தானாகப் பார்த்து அழுத்தினேன். அது கேட்ட கேள்வி எதையும் படிக்கவில்லை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். "அலவ்" என்று கேட்டதற்கும் சரி என்றேன். இரண்டு தெருவுக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுத்துப் பேர் வேறு வாங்கினேன்.

நான்கையும் ஒவ்வொன்றாக நீக்கினேன். ஒன்று, "நிச்சயமாக நீக்க வேண்டுமா?" என்று மூன்று தடவை கேட்டது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். சுத்தமாக இருந்தது. எனக்கு என் மேலேயே அப்படி ஓர் ஆத்திரம் வந்தது, கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல.

மாமனார் பையோடு வந்ததும் சொன்னேன். "மாமா, அது எல்லாம் நான் பண்ணின தப்புங்க. கன்னடம் அடிக்கறதுக்கு நான் இறக்கினதோட சேந்து வந்திருக்குது. எல்லாத்தையும் எடுத்துட்டனுங்க. அவருக்கும் சொல்லீர்றேன்."

"செரி அம்மிணி."

"அன்னிக்கு அடுப்படியில நான் பேசினது..."

"என்ன பேசின? நான் ஒண்ணும் கேக்கலையே" என்று கத்தரிக்காயைக் கூடையில் கொட்டினார். மன்னிப்புக் கேட்கிற வேலையைக்கூட எனக்கு மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டார். கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் வியாழக்கிழமை ஒன்பதரைக்கு, சவரம் செய்த முகத்தோடு வந்து அவரே துண்டை எடுத்தார். உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். நான் வெங்காயம் உரிக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். எந்தப் பெண்ணும் வரவில்லை. மஞ்சள் விலை வந்தது. காலண்டர் தாளில் விரலிக்கு ஒரு வரி, கிழங்குக்கு ஒரு வரி எழுதி, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பத்து மணி ஆயிற்று. பத்தே கால் ஆயிற்று. போனை எடுத்து சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தார். பத்தரைக்கு அவரே கூப்பிட்டார். தம்பி எப்போதும் வயல்காட்டுக் குரலில்தான் பேசுவார், எனக்கு எல்லாம் கேட்டது.

"வெலையா? நீங்க ஏனுங்ணா சிரமப்படறீங்க? இங்க எம் மருமவ அவ போன்லயே பாத்துச் சொல்லீர்றா. இன்னிக்குக் காலையிலயே சொல்லீட்டா."

"நல்லதாப் போச்சு" என்றார் மாமனார். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை, "நல்லதாப் போச்சுப்பா."

காலண்டர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டரை முறையாக அணைத்து, திரை கறுக்கும் வரை காத்திருந்து, துண்டை விரித்து மேலே போட்டார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "தூசி படியுதல்ல, அம்மிணி" என்றார்.

அடுத்த நாள் அவர் சவரம் செய்துகொள்ளவில்லை.