இரண்டாவது தோட்டா

என் மனைவியின் அண்ணன் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு புதுச்சேரி திரும்பி எங்கள் வீட்டிலேயே தங்கினார். இப்படி வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். கூடவே ஒரு அமெரிக்க லீவர் துப்பாக்கியும் வந்தது. விசையைச் சுற்றியுள்ள வளையத்தை இறக்கி ஏற்றினால், குழலுக்கு அடியிலுள்ள குழாயிலிருந்து அடுத்த தோட்டா மேலே வரும். முப்பதுகளில் அது ஊருக்கே அதிசயம். மச்சானுக்கு மட்டும் போதவில்லை. சைகோனிலேயே குழலைப் பெரிதாகக் கடைந்து வாங்கியிருந்தார். அதனால் எந்தக் கடைத் தோட்டாவும் அதற்குச் சேராது. வேறு பெரிய துப்பாக்கியின் பித்தளைக் கூட்டை வெட்டி, வாயை அகட்டி, கட்டைவிரல் பருமனுள்ள ஈயக் குண்டைச் செருகி, தோட்டாவைத் தானே செய்துகொள்வார்.

நான் அப்போது துப்பாக்கிக்குப் பெர்மி, அதாவது அனுமதிச் சீட்டு, கொடுக்கும் அரசாங்க அலுவலகத்தில் இருந்தேன். உலகத்தில் இல்லாத தோட்டாவுக்கும் ஒரு நடைமுறை உண்டு என்று நம்பியவன். மருந்தைத் தட்டான் தராசில் நிறுப்பது முதல் குண்டுக்கு மெழுகு தடவுவது வரை வரிசை வகுத்துக் கொடுத்தேன். வீராம்பட்டினத்து மணல்மேட்டில் சோதனை நடந்தது. மருந்து கிடைப்பது அரிது என்பதால் ஒவ்வொரு தோட்டாவாகக் கையாலேயே குழலுக்குள் வைத்துச் சுட்டோம். எல்லாம் வெடித்தன. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "கடலயே சுட்டுட்டீங்க. இனிமே எங்களுக்கு என்னா வேல?" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டோம்.

ஊசுட்டேரிக் கரையில் குத்தகைக்கு நிலக்கடலை போட்டிருந்த ஒருவர் எங்களைத் தேடி வந்தார். காட்டுப்பன்றிகள் அவருடைய கடலைக் கொல்லையைக் கிளறிக்கொண்டிருந்தன.

"இந்த மல்லாட்ட ஒண்ணுதாங்க ஐயா. இது பூட்டா குத்தகைய எதுல குடுப்பேன்? பன்னி புடிக்கற வலக்காரங்கள வரச் சொல்லியிருக்கேன். கூலியா ஒரு தொடக்கறி கேக்கறாங்க."

"வலயா?" என்றார் மச்சான். "அவனுங்கள போவச் சொல்லு. இந்தத் தோட்டா பட்டா யானயே படுத்துக்கும்."

குத்தகைக்காரர் என்னைப் பார்த்தார். அரசாங்க உத்தியோகஸ்தன் அல்லவா. நான் தலையசைத்தேன்.

தன் மாட்டுவண்டியிலேயே எங்களை அழைத்துப் போனார். விடிந்ததும் ஆட்கள் தகரம் தட்டிப் புதரைக் கலைத்தார்கள். பன்றி வெளியே வந்தது. மச்சான் சுட்டார். ஏரிப் பறவைகள் அத்தனையும் எழுந்தன; பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் லீவரை இறக்கினார். பாதியில் நின்றுவிட்டது. பருத்த குண்டால் தோட்டா ஒரு அரிசி நீளம் கூடியிருந்தது. மேலே வரவேண்டிய இரண்டாவது தோட்டாவின் மூக்கு இன்னும் குழாய்க்குள் மாட்டியிருந்தது. கையால் வைத்துச் சுட்டபோது அந்த நீளம் உறுத்தவில்லை. குழாயை நிரப்பிப் பார்க்கவேண்டும் என்பது என் வரிசையிலேயே இல்லை.

"அத்த தடியா வச்சி அடிங்க சொல்தா," என்றான் தகரம் தட்டியவன் ஒருவன். பன்றி குட்டிகளோடு கொல்லையின் நடுவே போனது. துரத்தியவர்கள் மிச்சச் செடிகளை மிதித்தார்கள். குத்தகைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "சத்தத்துக்கே பயந்திருக்குங்க. இனிமே வராது," என்று எங்களைத் தேற்றினார். சீக்கிரமே சரிசெய்துகொண்டு வருகிறோம் என்றார் மச்சான். நாங்கள் போகவில்லை.

அறுவடை முடிந்து ஒருநாள் குத்தகைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் அரைக் கூடை கடலை. மச்சான் ஜன்னலில் பார்த்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

"பன்னி மறுபடி வந்துதா?" என்று கேட்டேன்.

"தெனமும் வந்துச்சிங்க. வலக்காரங்களே ஒருக்கா வந்து கேட்டாங்க. சொல்தா ஐயா வரேன்னு சொல்லியிருக்காரு, அவர மீறி உங்கள வுட்டா நல்லாருக்காதுன்னு அனுப்பிட்டேன்."

தெருவைப் பார்த்தேன். "வண்டி எங்க?"

"குத்தகை பாக்கிக்குப் போயிடுச்சிங்க. மாடும்தான்." கூடையைக் கீழே வைத்தார். "மொத வெளச்சல், ஐயா வூட்டுக்குன்னு எடுத்து வச்சது. துப்பாக்கி சரியாயிடுச்சிங்களா? ஐயா இருக்காரா?"

எந்த மனுவுக்கும் எனக்குப் பதில் தெரியும். "வெளிய போயிருக்காரு," என்றேன்.

தோட்டத்திலிருந்து பித்தளையை அரம் ராவும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் சற்று நேரம் அதைக் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "வந்தா சொல்லுங்க," என்றுவிட்டு நடந்தார்.