அண்ணாச்சி கேட்ட இரண்டாம் பக்கம்

சேதி வந்தபோது என் கையில் பாதி வடை இருந்தது. தென்காசியில் நான் வேலை பார்க்கும் மரக்கடை வாசலில் குற்றாலம் டவுன் பஸ் நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, “ஏ மரக்கடை அண்ணாச்சி, உங்க லாட்ஜு அண்ணாச்சி காலையில தவறிட்டாகளாம்!” என்றார். விசில் ஊதினார், பஸ் போய்விட்டது. மிச்ச வடையைத் தின்று முடித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணாச்சி இதைக் கேட்டிருந்தால், “வடைய வீணாக்கலல்லா, நல்லதுலே” என்றிருப்பார்.

சண்முகவேல் அண்ணாச்சியைக் குற்றாலத்தில் லாட்ஜ் மேனேஜராக உங்களுக்கெல்லாம் தெரியும். சீசனில் ரூம் கேட்டு நிற்கிற கூட்டத்தை ஒற்றைப் புருவத்தால் வரிசையில் நிறுத்துவார். சீசன் முடிந்து அருவி நூலாகி, கடைவீதியில் நாய்கள் மட்டும் நடமாடும் மாதங்களில் அவர் வேறு ஆள். அந்தச் சண்முகவேலை அறிந்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன், வடகரையில் தேங்காய் யாவாரம் பார்க்கும் பரமசிவம் இன்னொருவர்.

அண்ணாச்சியின் மச்சினன் துபாயிலிருந்து ஒரு டேப்ரிக்கார்டரும் ஒரு கேசட்டும் கொண்டுவந்தான். கேசட் அட்டையில் இருட்டுக் கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட படகு. முடி வளர்த்த நாலைந்து வெள்ளைக்காரர்கள் சேர்ந்து வாசித்த இசை. அந்தக் குழுவின் பெயர் இன்றுவரை என் வாயில் ஒழுங்காக நுழைந்ததில்லை. இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. முதலில் வெறும் காற்றுச் சத்தம், அப்புறம் கோயிலில் ஆள் இல்லாத நேரம் மாதிரி ஆர்கன், ரொம்ப நேரம் கழித்து ஒருத்தன் குரல். நடுவில் தாளம் மாறும், கிடார் கத்தும், திரும்பவும் அந்தக் குரல் மட்டும் தனியாக நிற்கும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரல் என்பார் பரமசிவம்.

முதல் தடவை கேட்டபோது மாடியில் தங்கியிருந்த சிவகிரிக்காரர் இறங்கி வந்துவிட்டார். “மேனேஜரய்யா, யாருக்கும் மேலுக்குச் சரியில்லையா? அழுத சத்தம் கேக்குதே” என்றார். அண்ணாச்சி ரேடியோவில் சேதி வருவதாகச் சொல்லி அனுப்பினார். நாங்கள் இருவரும் மேசைக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டோம்.

அதிலே என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷிலேயே விழுந்தவன். அண்ணாச்சியும் என்னைத் தாண்டிப் படித்தவரல்ல. அவர் சொன்னது இது: “மத்த பாட்டெல்லாம் அழாத அழாதங்குது. இவன் ஒருத்தன்தாம்லே, அழுதுக்கோ, நா இங்கனதான் இருக்கேங்கான்.” அன்று எனக்குப் புரிந்ததா என்று கேட்காதீர்கள். கண் மட்டும் கலங்கியது. வீட்டுக்குப் போனதும் என் மகள் செல்வி கண்டுபிடித்துவிட்டாள். “எம்மா, அப்பாவுக்கு இங்கிலீஷ் பேசத் தெரியாது, இங்கிலீஷ்ல அழத் தெரியும்!” தெருவுக்கே கேட்டது.

போன ஐப்பசியில், வெறிச்சோடிய லாட்ஜில் அந்தப் பக்கம் ஓடி முடிந்ததும் அண்ணாச்சி சொன்னார்: “ஏலே, நா போகும்போது இதப் போட்டுருங்க. சங்கு வேண்டாம்னு சொல்லல. சங்குக்குப் பொறவு.” அண்ணாச்சியின் சம்சாரம் கோமதி மதினி காபி கொண்டுவந்தவர், “சாவு வீட்லயும் எனக்கு இந்தத் தலவலிதானா?” என்றார். சிரித்தோம். “போடுதேன் அண்ணாச்சி” என்று வாக்குக் கொடுத்தது நான்தான்.

துட்டி வீட்டில் சாவு கேட்டு வந்த சொந்தக்காரர் கூட்டம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சங்கு ஊதி முடிந்ததும் மதினி என்னைப் பார்த்தார். நான் லாட்ஜிலிருந்து கொண்டுவந்திருந்த கேசட்டை எடுத்து மைக் செட் கணேசனிடம் கொடுத்தேன். தென்னைமரத்தில் கட்டியிருந்த குழாயிலிருந்து காற்றுச் சத்தம் வந்தது, ஆர்கன் வந்தது, குரலும் வந்தது. ஆனால் அது எங்கள் ஆள் இல்லை. யாரோ வாலிபப் பயல், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பாடினான். கூட்டத்தில் ஒருவர், “என்னடே இது, கல்யாண வீட்டு கேசட்ட மாத்திப் போட்டுட்டானா?” என்றார். மதினி நிமிர்ந்து, “இது அவுக கேக்குத பாட்டு இல்லல்லா” என்றார்.

கணேசனிடம் சண்டைக்குப் போனேன். அவன் நிதானமாகச் சொன்னான்: “எம் மெசினு சரியாத்தான் ஓடுது. உங்க டேப்ரிக்கார்டர் பெட்டில ரப்பர் பெல்ட் தொய்ஞ்சிருக்கும் அண்ணாச்சி. மெதுவா ஓடும், ஆம்பளக் குரலு அரக்கன் குரலாயிரும்.”

நானும் பரமசிவமும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எத்தனை வருஷம் அந்தக் குரலின் கனத்தைப் பேசியிருப்போம்! உருகியதெல்லாம் பாட்டுக்கா, பெல்ட்டுக்கா? பெல்ட் ஒரே நாளில் தொய்வதில்லை. கேட்கக் கேட்க அந்தப் பாட்டுக்காரனுக்கு வயதாகிக்கொண்டே வந்திருக்கிறது. கூடவே எங்களுக்கும் ஆனதால் தெரியவில்லை.

“பொழுது சாயுது, தூக்குங்கப்பா” என்றார் அண்ணாச்சியின் பெரியப்பா. மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “பெரியப்பா, கொஞ்சம் பொறுங்க” என்று கும்பிட்டுவிட்டு, பரமசிவத்தின் மோட்டார் சைக்கிளில் லாட்ஜுக்கு ஓடினோம். சீசன் கூட்டத்தைப் பிளந்து பெட்டியை மடியில் வைத்து நனைந்துகொண்டே திரும்பினோம். பாடை தயாராக இருந்தது. பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையில் மரக்கடை மரமெல்லாம் பற்றி எரிந்திருக்கும்.

பெட்டியைப் பெஞ்சில் வைத்து, கேசட்டைப் போட்டு, கணேசனின் மைக்கை இரண்டு கையாலும் அதன் வாயருகே பிடித்தேன். அத்தனை சொந்தமும் பார்க்க, மூக்கு ஒழுக, ஒரு வார்த்தை புரியாத பாட்டுக்கு நான் அழுதேன். தலையைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கை இரண்டும் மைக்கில் இருந்ததால் முகத்தைக்கூட மூட முடியவில்லை. யாரோ பக்கத்தில் வந்து குடை பிடித்தார்கள். செல்விதான். குடை எனக்கல்ல, டேப்ரிக்கார்டருக்கு.

கிணற்றுக் குரல் வந்தது. என்னைப் பார்த்துச் சிரித்த வாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கின. கணேசன் என் காதருகே மெதுவாகக் கேட்டான்: “யாரு செத்ததுக்கு இந்தப் பாட்டுக்காரன் இப்படி அழுதான் அண்ணாச்சி?”

இத்தனை வருஷ ரசிகன் நான். எனக்குத் தெரியவில்லை. “தெரியலடே” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல, மூக்கு ஒழுக நின்றதைவிட அதிகம் கூசியது.

மதினி காதில் விழுந்துவிட்டது. “யாருக்கா இருந்தா என்ன? இப்ப இவுகளுக்குத்தான அழுதான்” என்றார். பாட்டு முழுவதும் ஓடி, கடைசியில் காற்றுச் சத்தமும் நின்ற பிறகுதான் தூக்கினார்கள்.

பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது, மதினி கொடுத்தது. புது பெல்ட் போட்டுக்கொள்ளலாம் என்று செல்வி சொல்லுகிறாள். நான் விடவில்லை. சரியான வேகத்தில் பாடுகிறவன் யாரோ, எந்த ஊர்க்காரனோ. இந்த மெதுவான ஆளுக்குத்தான் எங்கள் அண்ணாச்சியைத் தெரியும்.