பெரியம்மா உடைத்த பூட்டு

பெரியம்மாவின் இறுதி ஊர்வலத்துக்கு, பல்லேகல ஆடைத் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த பெண்கள் வந்தார்கள். அம்பிட்டியவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் குடும்பமாக வந்தார். அலவத்துகொடையிலிருந்து நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் முஸ்லிம் அக்கா ஒருவர் பஸ் மாறி வந்தார். அம்மாவுக்குக் குவைத்தில் லீவு கொடுக்கவில்லை. போனில் பார்த்து அழுதார். அப்பா வரவில்லை. கொழும்பு மாமா மலர்வளையம் மட்டும் அனுப்பினார். வராதவர்கள் மேல் வருத்தமில்லை என்று இந்த நினைவு மலரில் எழுதச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு மட்டும்தான் அப்படி எழுதுவேன்.

பெரியம்மா பிறந்தது ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அம்மா வெளிநாடு போனபோது என்னை ஏற்றுக்கொண்டவர் அவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் கேட்காமல் இல்லை. கேட்டவர்கள் என்னை எங்காவது விட்டுவிட்டு வரச் சொன்னார்கள்.

எட்டாம் வகுப்பில், "ஒங்கம்மா அரபிக்காரன் வீட்டுல என்னடா செய்யுறா?" என்று பையன்கள் தினமும் கேட்டுச் சிரிப்பார்கள். நான் பாடசாலைக்குப் போவதை நிறுத்தினேன். சீருடையோடு வீட்டை விட்டு இறங்கி, வாவிக்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவேன். பாடசாலையில் என் பெயரை வெட்டப் போவதாகச் செய்தி வந்தது. "நல்லதாப் போச்சு, கடையில சேத்துவிடுறேன், அனுப்பு" என்றார் கொழும்பு மாமா.

பெரியம்மா லீவு போட்டுவிட்டு என்னோடு அதிபரிடம் வந்தார்.

"தாய் தகப்பன்தான் வரணும்" என்றார் அதிபர்.

"தாய் குவைத்துல. தகப்பன் எங்கன்னு எனக்கும் தெரியாது சேர். ஒங்களுக்குத் தெரிஞ்சா கூட்டிட்டு வாங்க, நானும் ரெண்டு வார்த்த கேக்கணும்."

அதிபரின் அறைக்கு எதிரே 'மாணவர் ஆலோசனை அறை' என்று பலகை தொங்கியது. கதவில் துருப்பிடித்த பூட்டு. அது என்ன அறையென்று பெரியம்மா கேட்டார். மனக்கஷ்டம் உள்ள பிள்ளைகளோடு பேசும் அறை என்றார் அதிபர். அதற்கென ஒரு டீச்சர் இருந்தார். அறைக்குள்ளே உடைந்த மேசைகள் கிடந்ததால், அவருக்கு உட்கார இடமில்லை. திருத்தப் பணம் இல்லையாம்.

அந்தச் சனிக்கிழமை, பெற்றோர் கூடிப் பாடசாலையைத் துப்புரவாக்கும் சிரமதானம். பெண்களுக்கு முற்றம் கூட்டும் வேலை. பெரியம்மா விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, சுத்தியலோடு அந்த அறைக் கதவுக்குப் போனார். கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். அலவத்துகொடை ராத்தா மட்டும், அவரும் அங்கே படித்த ஒரு பிள்ளையின் தாய், முன்னால் வந்தார்.

"ஒடைங்க. மேசைய நான் தூக்குறன்."

ஒடுங்கிப்போன பேண்ட் மேளங்களும் காலில்லாத கதிரைகளும் அதிபர் அறை வாசலில் குவிந்தன. அதிபர் ஓடி வந்தார்.

"யாரக் கேட்டுப் பூட்ட ஒடைச்சீங்க?"

"ஒங்களத்தானே கேட்டோம். காசில்லன்னீங்க. இப்ப நாங்க காசா கேட்டோம்? கூட்டச் சொன்னீங்க, கூட்டுறோம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க சேர், தூசி."

மத்தியானத்துக்குள் அறை கழுவப்பட்டது. திங்கட்கிழமை டீச்சர் அங்கே கதிரை போட்டு உட்கார்ந்தார். முதலில் உள்ளே போனவன் நான். என்ன பேசினேன் என்பதை இந்த மலரில் தேட வேண்டாம். பையன்களையும் டீச்சர் கூப்பிட்டுப் பேசினார். என் பெயர் வெட்டப்படவில்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த அறையால்தான் போனேன். "பைத்தியம் பாக்குற எடத்துக்கா பிள்ளைய அனுப்புன?" என்று பெரியம்மாவைக் கேட்ட உறவினர்கள், இதை இரண்டு முறை வாசிக்கவும்.

போன வருடம் பெரியம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருந்தபோதும், "இங்க நிக்காத, போய்ப் பரீட்சைக்குப் படி, நான் எங்கயும் ஓடிர மாட்டேன்" என்று விரட்டினார். அந்த ஒரு பேச்சைத்தான் அவர் காப்பாற்றவில்லை.

இரவு பகலாகப் பார்த்த தாதியருக்கும், சோறு கொண்டுவந்த அயலவருக்கும், அந்த டீச்சருக்கும், ராத்தாவுக்கும் எங்கள் நன்றி. பணமில்லை என்று கதவைப் பூட்டி வைப்பவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். அதிபரைப் பார்க்க ஒரு நாளும் சிரமதானத்துக்கு ஒரு நாளும் லீவு போட்டதால், தவறாமல் வேலைக்கு வருபவர்களுக்குத் தொழிற்சாலை தரும் வருகைக் கொடுப்பனவு பெரியம்மாவுக்கு அந்த மாதம் போனது. இரண்டு நாள் சம்பளமும் போனது. உடைத்த பூட்டுக்கும் அவரிடமே பணம் வாங்கினார்கள். ஒரு பிள்ளையைப் பாடசாலையில் வைத்திருக்க எங்கள் வீட்டுக்கு ஆன மொத்தச் செலவு ஐயாயிரத்து இருநூறு ரூபாய்.