மார்ச் மாதத்துப் பூஜ்யம்

என் அண்ணனுக்கு ஊரில் வைத்த பெயர் ஆலங்கட்டி. மலையுச்சி வானிலை நிலையத்தில் இருபத்தாறு வருடமாக அவன் ஒருவன்தான் ஆள். ஆலங்கட்டி விழுந்தால் போதும், ஓடிப்போய்ப் பொறுக்கி, உருகுவதற்குள் அளந்து நிலையத்தின் பதிவுக் கார்டில் எழுதிவிடுவான். மகள் பிறந்த அன்றே ஆஸ்பத்திரி வாசலில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்த ஆசாமி. அண்ணி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

அந்தக் கார்டுகளை வைத்துத் தலைமை அலுவலகம் ஓர் அட்டவணை போட்டிருக்கிறது. வருடத்துக்குச் சராசரியாக ஏப்ரலில் மூன்று முறை, மே மாதம் ஐந்து, ஜூனில் இரண்டு. மார்ச்சுக்குப் பூஜ்யம். அந்தப் பூஜ்யந்தான் என் வயிற்றெரிச்சல். என்னுடைய நாற்பத்திரண்டு பிளம்ஸ் மரமும் பூப்பது மார்ச்சில். மேலே விரிக்கும் வலையைக் கூட்டுறவுக் கிடங்கில் அந்த அட்டவணையைப் பார்த்து ஏப்ரல் முதல் தேதிதான் கொடுப்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது அதற்குள் ஆலங்கட்டி வந்து என் பூவை உதிர்த்துவிடும். அண்ணனிடம் சொன்னால், "உன் தோட்டத்துல விழுந்திருக்கும், நிலையத்துல விழலை" என்பான்.

இந்த மார்ச்சில் மரமெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. மேற்கே வானம் கறுத்தது. கிடங்குக்கு ஓடினேன்.

"வலை இருக்குக்கா, சாவியும் இருக்கு. ஆனா அட்டவணையில பூஜ்யம்னு போட்டிருக்கே. உங்க அண்ணன் எழுதுனதுதானே, அவரையே கேளுங்க" என்றார் கிடங்குக்காரர்.

நேராக நிலையத்துக்குப் போனேன். ஒரு கட்டம்கூடக் காலி விடாத நிலையம் என்று சுவரில் சான்றிதழ் தொங்கியது. பழைய மார்ச் கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். மாதம் முழுக்க ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதிய பூஜ்யங்கள்.

"மார்ச் மாசம் நீ இங்க இருந்ததே கிடையாதே. மகள் வீட்டுக்குல்ல போவே?"

"அந்த மாசத்தோட லீவு காலாவதியாயிடும், அதான் போவேன். இந்த வருஷம் நாளைக்கு அதிகாரி வர்றார்னு லீவு தரலை."

"அப்ப இதெல்லாம்?"

"காலியா விட்டா மெமோ வரும். திரும்பி வந்து பூஜ்யம் போட்டுடுவேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கார்டுகளை அவன் முன்னால் வீசினேன். அதற்குள் தகரக் கூரை தடதடத்தது. அவன் வழக்கம்போல அளவுகோலோடு ஓடினான். பதினோரு நிமிடம் கொட்டியது. நனைந்து வந்து, கார்டில் எழுதினான்.

"இனி மார்ச்சுக்கும் கணக்கு உண்டு" என்றான்.

"சராசரி எவ்வளவு வரும்?"

பென்சிலால் போட்டுப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது. "இருபத்தாறு வருஷத்துல ஒண்ணு. முழு எண்ணாத்தான் போடுவாங்க. பூஜ்யம்தான்."

நான் அழுதேன். வெட்கமில்லாமல், அவன் மேசையிலேயே தலையை வைத்து அழுதேன்.

 அவன் பழைய இருபத்தைந்து மார்ச் கார்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பூஜ்யங்களை அடித்து, 'விடுப்பு, பார்க்கவில்லை' என்று எழுதி, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டான்.

"வேலைக்கு ஏதாவது ஆயிடப் போகுதுண்ணே."

"ஆகட்டும். பார்த்தது ஒரு மார்ச், விழுந்தது ஒரு தடவை. இப்ப ஒண்ணுன்னு வரும்."

கார்டுக் கட்டை எடுத்து, நாளைக்கு அதிகாரி உட்காரப்போகும் நாற்காலிக்கு எதிரே வைத்தான். நான் வீட்டுக்கு நடந்தேன். நாற்பத்திரண்டு மரத்திலும் ஒரு பூ இல்லை.