ஆசிரியர் பெயர் தெரியவில்லையாம், தோப்புத்துறையில்தான் இருக்கிறார்

இந்தப் பயணத்துக்குக் காரணம் கோபம். பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து தஞ்சாவூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வழியில் பேருந்து நிலையத்தில் ஒரு சிடி வாங்கினேன். காவிரிப் படுகையின் பழம்பாடல்கள் என்று அட்டையில் போட்டிருந்தது. வீட்டில் போட்டால், மூன்றாவது பாட்டு எனக்கு மனப்பாடம். நடவு வயலில் நிற்கும் ஒருத்தி, துபாயில் இருக்கும் கணவனுக்குக் கேசட்டில் பேசி அனுப்புவதாக வரும் பாட்டு. அப்பா துபாயில் வேலை பார்த்த வருடங்களில் எங்கள் வீட்டில் அது ஓடாத நாள் குறைவு. எழுதி, இசையமைத்து, பாடியவர் தோப்புத்துறை இப்ராஹிம். புது அட்டையிலோ ‘ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்றிருந்தது. துபாயை ரங்கூன் ஆக்கி, கேசட்டைக் கடுதாசி ஆக்கியிருந்தார்கள். பழசாகத் தெரிய வேண்டுமே!

மறுநாள் காலையே கிளம்பிவிட்டேன். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம், நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நேர்ப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டாம், திருத்துறைப்பூண்டியில் மாறிக்கொள்ளலாம். சம்பா அறுவடை சமயம் என்பதால் பாதிச் சாலையில் நெல் காய்கிறது, பேருந்து ஊர்ந்துதான் போகும். தோப்புத்துறை வேதாரண்யத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும்.

“பாட்டுக்காரர் இப்ராஹிம் வீடு எங்கங்க?” என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

“சவுண்டு சர்வீஸ் பாயா? பாட்டெல்லாம் பாடுவாரா அவரு?” என்றார்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர், கடை வாசலில் உட்கார்ந்து ஸ்பீக்கர் பெட்டி ஒன்றுக்கு ஒயர் மாற்றிக்கொண்டிருந்தார். அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவள் என்று சொன்னதும் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். பேசப் பேசத்தான் அவர் எத்தனை இடம் தாவியவர் என்று தெரிந்தது. சின்ன வயதில் தப்ஸ் என்னும் சிறு பறையை அடித்து இஸ்லாமியப் பாட்டு. பிறகு கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவின் கிடார்காரர். துபாயில் ஒரு சலவைக் கம்பெனிக்கு வண்டி ஓட்டும்போது, அறையில் கூட இருந்த சூடான்காரரிடம் புதுத் தாளம் கற்றுக்கொண்டார். கீபோர்டோடு ஊர் திரும்பி நடவுப்பாட்டு மெட்டில் வளைகுடாப் பாடல்கள் போட்டார். அப்புறம் ராப், அதற்கப்புறம் வேளாங்கண்ணி மாதா பாடல்கள்.

எந்தக் கூட்டமும் அவரைத் தன் ஆள் என்று ஏற்கவில்லை. ஊரில் சிலர் கோயிலில் வாசிக்கிறவன் என்றார்கள். குழுவில், பாய் பாட்டுப் பாடுகிறவன் என்றார்கள். நாட்டுப்புறப் பாடல் சேகரிக்க வந்த ஒருவர் கீபோர்டைப் பார்த்ததும் டேப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒரே இடத்துல நின்னிருந்தா பேரு கெடைச்சிருக்கும்னு சொல்றாங்க. அலுத்துப்போனா நான் என்னம்மா செய்ய?” என்றார் இப்ராஹிம்.

சிடியைப் போட்டுக் காட்டினேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் மாறிவிட்டது.

“ரங்கூனா? எங்க அத்தாகூட ரங்கூன் போனதில்லையே.”

அந்த சிடியில் பாடிய குழு அன்று மாலை தரங்கம்பாடிக் கலைவிழாவில் பாடுகிறது, வழியில் சுவரொட்டி பார்த்தேன் என்றேன். உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். “கெளம்புங்க.”

நாகப்பட்டினத்தில் பேருந்து மாறினோம். மாலை தரங்கம்பாடியில் இறங்கினோம். கோட்டைக்கு எதிரே மணலில் மேடை. ‘நூற்றாண்டுகளாக நம் உழவர் பெண்கள் பாடிவரும் பாடல்’ என்று அறிவித்தார்கள். பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் அமைப்பாளரைப் பிடித்தோம்.

“நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியரே கெடையாது மேடம், அதுதான் அதோட சிறப்பு” என்றார் அவர், எனக்குப் பாடம் எடுப்பதுபோல.

“ஆசிரியர் உங்க முன்னாடி நிக்கிறார்” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. நாலு பேர் திரும்பிப் பார்த்ததும் மனிதர் இறங்கிவந்தார். ஐயாவுக்கு ஒரு பொன்னாடை போர்த்திவிடலாமே என்றார்.

“துண்டு வீட்டுல கெடக்குதுங்க. பேரச் சொல்லுங்க” என்றார் இப்ராஹிம்.

அமைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பாடகி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “அப்ப ரங்கூன் இல்லையா பாய்?”

“துபாய்ம்மா.”

யாரிடமும் அனுமதி கேட்காமல் அவள் மேடையேறினாள். “இந்தப் பாட்டு தோப்புத்துறை இப்ராஹிம் பாய் போட்டது. தப்பாப் பாடிட்டேன், திரும்பப் பாடுறேன்” என்று சொல்லிப் பாடினாள். மணலில் இருந்த மீனவக் குடும்பங்களில் பாதிக்கு வளைகுடாவில் ஆள் இருக்கும். துபாய் என்ற சொல் வந்த இடத்தில்தான் அன்று முதல்முறையாகக் கூட்டம் கைதட்டியது. இப்ராஹிம் கைகட்டி நின்று கேட்டார். “கொஞ்சம் மெதுவாப் பாடுது” என்று மட்டும் சொன்னார்.

ஆனாலும் என் கோபம் ஆறவில்லை. அந்த சிடி அதே அட்டையோடுதான் இன்னும் விற்கிறது. உயிரோடு இருக்கும் மனிதரின் பெயரை அழித்துவிட்டுப் பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம் என்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: தை, மாசியில் போனால் கோடியக்கரைப் பறவைகளையும் பார்த்துவிடலாம். தங்குவதற்கு வேதாரண்யம் சரி. வெள்ளிக்கிழமை மதியம் இப்ராஹிம் கடை பூட்டியிருக்கும். அவரைப் பார்த்தால் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லாதீர்கள், அவர் அதைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டார். இப்போது என்ன போட்டுக்கொண்டிருக்கிறார் என்று கேளுங்கள். அதை இதுவரை யாரும் கேட்கவில்லையாம்.