சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய வீடு

அமெரிக்காவில், டெக்ஸஸ் மாநிலத்து ஆலன் ஊரில் எங்கள் தமிழ்க் கூட்டம் வருஷா வருஷம் பூங்காவில் பிக்னிக் போடும். போன மே மாத பிக்னிக்கில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போரில் செத்த சிப்பாய்களை இந்த நாடு நினைத்துக்கொள்ளும் விடுமுறை நாள் அது. செத்தவர்களுக்கான நாள், என்னைப்போல முழுசாகத் திரும்பி வந்தவனுக்கானது இல்லை. அது தெரியாத ஒரு அங்கிள் கையில் சிக்கன் தட்டோடு வந்து, "ஹேப்பி மெமோரியல் டே தம்பி!" என்று முதுகில் தட்டினார். எழவு வீட்டில் போய்ப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வது போல இருந்தது. சரி, அவரை விடுங்கள். நல்ல மனுஷன், பிரியாணி எல்லாருக்கும் போதுமா என்ற கவலையில் இருந்தார். என் ஆத்திரமெல்லாம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற என் அப்பாமேல்தான்.

"என் பையன் ஆர்மில இன்ஃபன்ட்ரிங்க. ஆப்கானிஸ்தான்ல ஃபைட் பண்ணிட்டு வந்தவன். எங்களுக்கு எப்பவுமே அது பெருமைதானுங்க."

எப்பவுமேவாம்! எனக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது.

ஈரோட்டிலிருந்து என்னைச் சின்ன வயதில் இங்கே கூட்டிவந்தபோதே, நான் பக்கத்து ஊர் ரிச்சர்ட்சனில் ஏதாவது ஒரு கம்பெனியில் கோட் எழுதுவேன் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். நான் டிகிரி முடித்த கையோடு போய்க் காலாட்படையில் சேர்ந்தேன். அந்த வருஷம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் பயிற்சி. நான் அங்கே சேற்றில் தவழ்ந்து, வாய்க்கு வந்தபடி திட்டு வாங்கிக்கொண்டிருக்க, இவர் இங்கே கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "பையன் ஜார்ஜியால மாஸ்டர்ஸ் பண்றானுங்க" என்று அளந்துகொண்டிருந்தார். என்னை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பியதும், "ஆன்சைட் போயிருக்கான்" என்றார். ஆன்சைட்! யாரோ ஒருத்தர் விடாமல், "எந்த கிளையன்ட்?" என்று கேட்டிருக்கிறார். "கவர்ன்மென்ட் கிளையன்ட், வெளிய சொல்லக்கூடாதுங்க" என்றாராம் அப்பா. அம்மா ஃபோனில் இதைச் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

ஆன்சைட்டில் நான் செய்ததில் பாதி கூலி வேலை. மண் மூட்டை நிரப்பினேன். கக்கூஸ் டிரம்மை இழுத்துப்போய் டீசல் ஊற்றிக் கொளுத்தினேன். மெஷின் கன்னுக்கான தோட்டாக்களைச் சுமந்துகொண்டு வெயிலில் நடந்தேன். அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தவன் கிழக்கு டெக்ஸஸ்காரன், கோழிப்பண்ணை வேலையை விட்டுவிட்டு வந்தவன். எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், பொதுவாக ஒரு ஃபேன். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா எனக்குப் பருப்புப்பொடி பார்சல் அனுப்புவாள். அந்தப் பயல் அதை பிஸ்கட்மேல் தூவித் தின்றுவிட்டு, "உங்கம்மாவை இன்னும் அனுப்பச் சொல்லு" என்பான். அவனுடைய அம்மா எலுமிச்சை கேக் அனுப்புவார். அது வந்து சேரும்போது உதிர்ந்து தூளாகியிருக்கும். இரண்டு பேரும் டப்பாவுக்குள் கையை விட்டு வழித்துத் தின்போம்.

ஒரு நாள் காலை ரோந்தில், மாதுளைத் தோட்டத்துச் சுவரோரம் அவன் கால் வைத்த இடத்தில் குண்டு இருந்தது. பின்னால் வந்த எனக்கு இடது காதோடு போயிற்று. அதைப்பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன்.

காதுக்கு வைத்தியம் என்று என்னை முன்னதாகவே திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் அவனை அடக்கம் செய்துவிட்டார்கள். அவன் வீட்டில் ஒரு பிரார்த்தனை வைத்து அவன் அம்மா என்னைக் கூப்பிட்டார். "நானும் வரேன். நம்ம பொடியத் தின்ன பையன் கண்ணு" என்றாள் அம்மா. அம்மா கிளம்பியதால் அப்பாவும் வந்தார், காரை ஓட்டினார்.

வீடு நிறையக் கூட்டம். சர்ச் ஆட்கள், ஊர்க்காரர்கள், ராணுவ உடுப்பில் சிலர். அவன் அம்மா என் அம்மாவின் கையை விடவே இல்லை. மொழி புரியாமலே இரண்டு பேரும் அழுதார்கள். அவன் அம்மா எங்களுக்கென்று சுட்டு வைத்திருந்த எலுமிச்சை கேக்கைத் தாளில் சுற்றி அப்பா கையில் கொடுத்துவிட்டு, காபி எடுத்துவர உள்ளே போனார். அந்த நேரம் பார்த்து அப்பா எழுந்தார், அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினார். இரண்டு பேரும் விடுவிடுவென்று வெளியே போய்க் காரில் ஏறிக்கொண்டார்கள்.

நம் வழக்கம் எனக்கும் தெரியும். சாவு வீட்டில் "போயிட்டு வரேன்" என்று சொல்லக்கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். பேசாமல் எழுந்து நடையைக் கட்டவேண்டும். ஈரோட்டில் அது மரியாதை. கிழக்கு டெக்ஸஸில் ஒரு தாய்க்காரி காபித் தட்டோடு வந்து காலி சோபாவைப் பார்த்தால் அதற்கு என்ன பெயர்? "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?" என்று என்னைக் கேட்டார். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்று உளறிவிட்டு நானும் வெளியே வந்தேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

வழியில் பெட்ரோல் போட நிறுத்தினோம். அப்பா கேக்கை எடுத்துக்கொண்டு போய், பம்ப் பக்கத்தில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டார்.

"என்னப்பா பண்றீங்க?"

"எழவு வீட்டுச் சாப்பாட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாதுடா."

"அவன் நம்ம வீட்டுப் பொடியத் தின்னாம்ப்பா!"

"அதுக்கு இப்ப என்னங்கற?"

வீட்டுக்கு வந்ததும் கராஜ் வழியாக உள்ளே போய், துணியை அப்படியே வாஷரில் போட்டுவிட்டு மூன்று பேரும் தலைக்குக் குளித்தோம். தண்ணீர் ஊற்றிக் கழுவித் தள்ளவேண்டிய தீட்டாக ஆகிவிட்டான் என் நண்பன். ஆனாலும் குளித்தேன்.

அதற்குப்பிறகு அவன் அம்மா என்னோடு அளந்து பேச ஆரம்பித்தார். கூப்பிட்டால் "நல்லா இருக்கேன், நன்றி" என்று வைத்துவிடுவார். அவனைப்பற்றி நான் வாய்விட்டுப் பேசக்கூடிய வீடு இந்த உலகத்திலேயே அது ஒன்றுதான். அது எனக்கு மூடிப்போனது. நான் ரிச்சர்ட்சனில் மறுபடி படித்தேன், நெட்வொர்க் வேலைக்குப் போனேன், அப்பா ஆசைப்பட்ட மாதிரியே கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டேன். ராணுவத்தில் இருந்தவனுக்குச் சாமான் கடையில் தள்ளுபடி உண்டு என்று தெரிந்ததும், "தம்பி, எங்க வீட்டுப் பின்னாடி டெக்குக்குப் பலகை வாங்கணும், நீ வந்து கார்டு காட்டுவியா?" என்று கேட்க மட்டும் நம் ஆட்களுக்கு என் ஞாபகம் வந்தது. இப்போது பொன்னாடை, மைக், எப்பவுமே பெருமை.

பொன்னாடையைக் கழற்றி அப்பா தோளிலேயே போட்டேன். "அவ்ளோ பெருமைன்னா அந்த கேக்க எதுக்குப்பா குப்பைல போட்டீங்க?" என்று கேட்டேன். மைக்கை யாரும் அணைக்கவில்லை. பூங்கா முழுக்கக் கேட்டது. எந்த கேக், என்ன குப்பை என்று யாருக்கும் புரியவில்லை, அப்பாவைத் தவிர. நான் காரை எடுத்துக்கொண்டு நேராகக் கிழக்கே விட்டேன்.

அவன் அம்மா கதவைத் திறந்து, என்னைக் கண்டதும் வழிவிட்டு நின்றார். நன்றாக மெலிந்திருந்தார். உட்காராமலே சொல்லிவிட்டேன். சாவு வீட்டில் நாங்கள் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை, அது அவமதிப்பில்லை, துக்கம் திரும்ப வரக்கூடாது என்றுதான். வீட்டுக்குப் போய்க் குளித்ததையும் சொன்னேன். கேக்கையும் மறைக்கவில்லை.

அவர் தன் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். "அன்னைக்கு இந்த வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் நான் சமைச்சதைச் சாப்பிட்டு, என்னைக் கட்டிப்பிடிச்சு, மறுபடி வரோம்னு சொல்லிட்டுப் போனாங்க. சர்ச், ஊரு, ராணுவம், எல்லாரும். யாரு வந்தாங்க? உங்க அப்பா ஒருத்தர்தான் வரேன்னு சொல்லல, வரவும் இல்ல. அவர் பொய் சொல்லல." அப்புறம் குரல் மாறியது. "ஆனா அது என் மகனோட கேக். அதை எறிஞ்சதை மன்னிக்க மாட்டேன்."

"நானும்தான்" என்றேன்.

"நல்லது. உட்காரு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். கேக் வேகும்வரை அவனைப்பற்றிப் பேசினோம். அவன் பிஸ்கட்டில் பொடி தூவித் தின்றதை முதல்முறையாக அவருக்குச் சொன்னேன். சூடு ஆறுவதற்குள் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். "உங்க அப்பா கையில கொடு. எறிஞ்சா எனக்குச் சொல்லணும்." வாசலில் நின்று, "மறுபடி வரேன்" என்றேன். "பார்க்கலாம்" என்றார்.

வீட்டு வாசலில் கார் நின்றதுமே அம்மா எட்டிப் பார்த்தாள். "அங்கயா போன சாமி? கராஜ் வழியா வா, குளிச்சுட்டு..."

நான் முன்வாசல் வழியாகவே, செருப்பை மட்டும் கழற்றிவிட்டு, நேராகச் சாப்பாட்டு மேஜைக்குப் போனேன். தாளைப் பிரித்து ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டேன். உதிராமல் முழுசாக அந்த கேக்கைத் தின்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அப்பா மாடிப்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா குடுத்தாங்களா?" என்றார்.

"உங்களுக்குத்தான் குடுத்தாங்க. எறியறதா இருந்தா இப்பவே எறிஞ்சிடுங்க, நான் ஃபோன் பண்ணிச் சொல்லணும்."

பின்னாலேயே வந்து மேஜையோரம் உட்கார்ந்திருந்த அம்மா தட்டு எடுக்க எழுந்தாள். உட்காரும்மா என்றேன். என் குரலுக்கு அம்மா உட்கார்ந்துவிட்டாள். அப்பா இறங்கி வந்தார். தட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார். நான் சொல்லவில்லை.