நீச்சல்குளத்தில் துணி துவைத்த நாள்

பக்கத்து வீட்டு ரிஸ்னா நேற்றுப் பின்னேரம் படம் வரைகிற பெரிய காகித மட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் வாப்பாவுக்குப் பதுளை டவுனில் துணிக்கடை. பள்ளிக்கூடத்தில் நீர்வட்டம் வரைந்து வரச் சொன்னார்களாம். "டீச்சர், கடலுக்கு எந்த நீலம் அடிக்கிறது?" என்று கேட்டு, கலர்ப் பேனை ஒன்றின் மூடியைத் திறந்தாள். அந்த ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஏனோ கோபம் வந்துவிட்டது. பிள்ளை மேல் இல்லை, படத்தின் மேல்.

அந்தப் படத்தை நான் எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவே அம்புக்குறிகள், மேலே ஆட்டுக்குட்டி மாதிரி இரண்டு மேகம். என் மலைகளெல்லாம் கவிழ்த்து வைத்த கோப்பை மாதிரித்தான் இருக்கும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு ஒரு மலை வரைய வராது.

என் முதல் வேலை, பெரகலைக்கு மேலே நான் பிறந்த தோட்டத்தின் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்தது. உண்மையில் அங்கே படம் தேவையில்லை. வானம் வெளுத்த காலைகளில் பள்ளிக்கூட வாசலில் நின்றால், தெற்கே காடும் வயலும் தாண்டி, கடல் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரியும். வெயில் ஏறினால் கீழேயிருந்து மூட்டம் கிளம்பி, தேயிலை நிரைகளைத் தடவிக்கொண்டு எங்கள் ஜன்னல் வரைக்கும் வரும். பின்னேரம் மழை. பாடம் முழுவதையும் வானமே நடத்திவிடும். நான் சும்மா கையை நீட்டி, "பூமியில உள்ள தண்ணி கூடவும் கூடாது, கொறையவும் கொறையாது, சுத்திக்கிட்டே இருக்கும்" என்று அடித்துச் சொல்வேன். சம்பளம் வாங்கத் தொடங்கிய புதுசில் எல்லாமே அடித்துச் சொல்கிற விஷயமாகத்தானே இருக்கும்.

அப்போது தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் பீலியிலிருந்து வந்தது. டவுன்காரர்களுக்குப் பீலி விளங்காது. மலை ஊற்றைத் தகரம் வைத்துத் திருப்பி, ஆள் உயரத்திலிருந்து கொட்டவிட்ட இடம். பாசி வாசமும் சிவப்புச் சவுக்கார வாசமும் கலந்து கிடக்கும். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடுவதற்கு முன்னால் பெண்களெல்லாம் அங்கேதான் குளிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாக நிற்பவர் பார்வதி அக்கா. லயத்தில் எங்களுக்கு அடுத்த அறை, பக்கத்துக் காம்பராக்காரர், தேயிலைக் கொழுந்து எடுப்பவர். புருஷன் செத்த பிறகு ஒரே மகனை வளர்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்தால் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். அந்தக் குளிரில் அப்படிச் சிரித்துக்கொண்டே தலைக்கு ஊற்றுகிற இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் பீலி மெலிந்தது. மழைக்காலத்திலேயே. பிறகு நூலாகி, சொட்டாகியது. பிள்ளைகள் குடத்தோடு பக்கத்துப் பிரிவுக்கு நடந்துவிட்டு, ஈரச் சட்டையோடு வகுப்புக்குப் பிந்தி வந்தார்கள். பார்வதி அக்கா என்னிடம், "மேல போய்ப் பாத்துட்டு வருவமா?" என்றார். அட்டை கடிக்கக் கடிக்க ஏறினோம். ஊற்றுக் கண்ணைச் சுற்றிச் சீமெந்துத் தொட்டி கட்டி, இரும்பு மூடி போட்டு, பூட்டியிருந்தார்கள். அதிலிருந்து தடித்த கறுப்புக் குழாய் ஒன்று புதருக்குள் ஓடியது. அதன் வழியே நடந்தோம். அது பழைய துரை பங்களாவில் போய் முடிந்தது.

பங்களாவைக் கொழும்புக்காரர்கள் சிலர் குத்தகைக்கு எடுத்து ஹோட்டலாக்கியது எங்களுக்குத் தெரியும். பின்புறம் நீச்சல்குளம் கட்டியது தெரியாது. மலை விளிம்பில், தண்ணீர் வானத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது மாதிரி கட்டியிருந்தார்கள். அழகுதான். பொய் சொல்வானேன்.

மெனேஜர் மரியாதையானவர். நாற்காலி போட்டு, தட்டில் இரண்டு கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். தேசிக்காய்த் துண்டு மிதந்தது. பார்வதி அக்கா அதைத் தொடவில்லை. நான், ஏறி வந்த களைப்பில், மடமடவென்று குடித்துவிட்டேன். நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் பொறுமையாகச் சிரித்தார். "நீங்க டீச்சர்தானே. தண்ணி யாருக்கும் சொந்தமில்ல. கடலுக்குப் போகுது, மழையா வருது. சுத்தித்தான் வரும்."

என் பாடத்தை என்னிடமே ஒப்பித்தார். நான் காலிக் குவளையைத் தட்டில் வைத்தேன். பார்வதி அக்காதான் எழுந்தார். "சுத்தி வரட்டுங்க. வர்ற வரைக்கும் எம்புள்ள எதக் குடிக்கும்?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தோட்டத்து ஆபீஸில் கேட்டோம், ஹோட்டலில் கேள் என்றார்கள். பிரதேச சபையில் கேட்டோம், தோட்டத்தில் கேள் என்றார்கள். அவர்கள் ஆட்களைச் சுற்றவிட்டதுதான் மிச்சம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பெண்கள் எல்லோரும் அழுக்குத் துணி மூட்டையும் சவுக்காரமுமாகக் கிளம்பினார்கள். முன்னால் பார்வதி அக்கா. காவலாளி கேட்டைத் திறப்பதா பூட்டுவதா என்று யோசிப்பதற்குள் எல்லோரும் உள்ளே. யாரும் கத்தவில்லை, கல் எறியவில்லை. குளத்தின் ஓரத்தில் வரிசையாகக் குந்தி, வேலைக்கு இடுப்பில் கட்டுகிற படங்கையும் கம்பளியையும் முக்கி, கும்மிக் கும்மித் துவைத்தார்கள். நானும் என் சேலையைத் துவைத்தேன். நீலத் தண்ணீரில் தேயிலைச் சாயம் பழுப்பாகப் பரவியது. வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று குளிக்க வந்து, நின்று, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டது. மெனேஜர் ஓடி வந்து, "இது என்ன வேல?" என்றார். பார்வதி அக்கா நிமிராமலே, "பீலியில தண்ணி இல்லீங்க. இங்கதான் வந்திருக்குன்னாங்க" என்றார்.

பொலிஸ் ஜீப் வந்தது. அத்துமீறல் என்று பார்வதி அக்காவை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊற்றைப் பூட்டியது அத்துமீறல் இல்லையாம். பெண்கள் ஈரத் துணியோடு ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தே இருந்தார்கள். பொழுது சாயும்போது அவரை வெளியே விட்டார்கள். குழாயில் ஒரு கிளை லயத்துக்கு, காலையிலும் மாலையிலும் தண்ணீர் என்று பேசி முடித்தார்கள். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

தண்ணீர் கொஞ்ச காலம் வந்தது. ஹோட்டலில் புது அறைகள் எழும்பின. ஊற்றுக்கு மேலிருந்த காட்டை வெட்டி, மேடையமைத்து, குழாய்க் கிணறு ஒன்றையும் இறக்கினார்கள். அதற்கு யாரிடம் அனுமதி வாங்கினார்கள் என்று கேட்ட எங்கள் கடிதத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை. இரண்டு மழைக்காலம் போனது. ஊற்று கண்ணை மூடியது. இந்த முறை பூட்டைத் திறந்தே காட்டினார்கள். தொட்டிக்குள் காய்ந்த சருகுதான் இருந்தது. அந்த மலையில் மழை இப்போதும் பெய்கிறது. நின்று இறங்க இடமில்லாமல் செம்மண்ணையும் இழுத்துக்கொண்டு ரோட்டில் ஓடிவிடுகிறது. நான் மாற்றலாகிப் பதுளைக்கு வந்தேன். லயத்துக்குத் தண்ணீர் லொறி, பவுசர், வரத் தொடங்கியது, வந்தால் வந்த நாள்.

போன ஆடியில் பார்வதி அக்கா இறந்துபோனார். காற்று மட்டும் அடிக்கிற, மழை எட்டிப் பார்க்காத மாதம். நான் போய்ச் சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. முன்பெல்லாம் அந்த லயத்தில் யார் செத்தாலும், பித்தளைக் குடத்தில் பீலித் தண்ணீர் பிடித்து, பறை முன்னே போக, தலையில் தூக்கி வருவார்கள். அன்று பவுசர் வரவில்லை. மகன் பெரகலைச் சந்திக் கடைக்கு ஓடி, பெரிய தண்ணீர்ப் போத்தல்களை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தான். பெண்கள் ஒவ்வொரு மூடியாகத் திருகித் திறந்து, அவர் தலையில் மெதுவாக ஊற்றினார்கள்.

கடைசிப் போத்தலில் பாதி மீதி இருந்தது. சாவுக்கு எடுத்த தண்ணீரை மிச்சம் வைப்பது அங்கே வழக்கமில்லை. யாரும் அதைக் கீழே ஊற்றவில்லை. ஒருத்தி மூடியைத் திருகி, காம்பராவுக்குள்ளே கொண்டுபோய் வைத்தாள்.